சகலையின் கனக்குழல்

புதுக்கரையில் காவலுக்குப் போகிறவர்கள் காலையில் பல் துலக்கியதும் செய்யும் முதல் வேலை, துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது. ஆண்களும் பெண்களுமாக வாசல் கூடத்தில் வரிசையில் நிற்பார்கள். ஒரு கை அடிக்கட்டையில், ஒரு கை குழலில், குழந்தையைத் தூங்கவைப்பவர்கள் போல. சற்று நேரத்தில் விசைக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கு பச்சையாகும். அப்படி ஆனவர்கள் மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள். விளக்கு சிவப்பாகவே நின்றவர்கள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து சோயா மோர் குடித்தபடி காத்திருப்பார்கள். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வயிற்றுப்போக்கு வந்தவனிடம் விவரம் கேட்காமல் இருக்கிறோமே, அந்த மாதிரி நாகரிகம்.

அந்த விளக்குக்கு நெஞ்சுப்பூட்டு என்று பெயர். நெடுமண் கிரகத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் அரிசியளவு நாடிச்சில்லு ஒன்றைப் பதித்திருந்தார்கள். நாடித்துடிப்பு, வியர்வை, இரத்தத்தில் ஏறி இறங்கும் சுரப்புகள் எல்லாவற்றையும் அது துப்பாக்கிக்குச் சொல்லும். குடியேறிய புதிதில், தண்ணீர்க் குழாயை யார் வீட்டுப் பக்கம் திருப்புவது என்று இரண்டு அண்டை வீட்டுக்காரர்களுக்குள் மூண்ட தகராறு துப்பாக்கியில் போய் முடிந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டு வந்தது. பயத்துக்குப் பூட்டு விழாது, பயந்தவனும் சுடத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு மனிதன்மேல் எழுகிற புகைச்சல், கோபமோ வன்மமோ பொறாமையோ, எந்தப் பெயரில் வந்தாலும் சரி, விசை அசையாது.

துப்பாக்கியே இல்லாமல் இருந்துவிடலாமே என்றால் அதற்குக் கல்முட்டிகள் விடவில்லை. எருமையைவிடப் பெரிய உடம்பு, பாறை போன்ற ஓடு. புழுதிப் பருவத்தில் மந்தையாக வரும். பளபளக்கும் எதையும் தலையால் முட்டும். புதுக்கரையின் பயிர், காய், பாதி மூச்சுக்காற்று எல்லாமே ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்துக்குள் இருந்தது. முன்னால் வரும் தலைமை விலங்கின் நெற்றிக்குழியில் குண்டு பட்டால் அது திரும்பும், மந்தையும் கூடவே திரும்பிவிடும். உடம்பில் எங்கே பட்டாலும் அதற்குக் கொசு கடித்த மாதிரி.

பூவராகன் நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் மெக்கானிக். புழுதிப் பருவத்தில் மட்டும் வேலியோரக் காவல். அவனுடைய விளக்கு ஒரு காலத்தில் வரிசையிலேயே முதலில் பச்சையாகும். இரண்டாம் கப்பலில் அவன் சகலை திருமேனி வந்து இறங்கும்வரைதான் அது.

திருமேனி அவன் மச்சினி கோமளத்தின் கணவன். வயதில் இளையவன், பேச்சில் இனியவன், கெட்டவனும் இல்லை. அதுதான் பூவராகனுக்குச் சங்கடமாக இருந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். திருமேனிக்கு ஒதுக்கிய வீட்டு ஜன்னலில் இரண்டு சூரியன்களும் உதித்தன, பூவராகன் வீட்டு ஜன்னலில் கழிவுத்தொட்டி தெரிந்தது. திருமேனி வைத்த தக்காளி காய்த்தது. பூமியிலிருந்து பல வருஷம் பயணம் செய்து வந்து சேரும் மாமனாரின் குரல்செய்தி, "சின்ன மாப்பிள்ளை சௌக்கியமா" என்றுதான் ஆரம்பித்தது. பெரிய மாப்பிள்ளையின் பெயர் வருவதற்குள் செய்தி இரைச்சலில் கரைந்துவிட்டது. இரைச்சலைக் குறைத்து எத்தனையோ முறை போட்டுக் கேட்டும் பயனில்லை.

பருவம் தொடங்குமுன் துப்பாக்கிகளுக்குக் குழல் மாற்றும் வாரம் வந்தது. அரைத்தானியங்கித் துப்பாக்கிகள்தான் அங்கே. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும், அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். உடல் ஒன்றுதான், குழல்தான் இரண்டு வகை. ஏட்டில் மென்குழல், கனக்குழல். மக்கள் வாயில் ஒல்லி, தடி. ஒன்றைப் பொருத்திக் குறி சரிபார்த்து முத்திரை வைத்துவிட்டால் பருவம் முடியும்வரை மாற்றக்கூடாது.

ஆயுதக் கிடங்கை ஒரு இயந்திரம் கவனித்துக்கொண்டது. எல்லாரும் அதை ஸ்டோர்க்காரர் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"உங்களுக்கு வேலியோர நடைக்காவல். நாள் முழுக்கத் தோளில் தொங்கப்போகிறது. மென்குழல் பொருத்தம்" என்றது அது.

"திருமேனிக்கு என்ன குடுத்தீங்க?"

"கோபுரக் காவல் திருமேனிக்கா? கனக்குழல். அவர் உட்கார்ந்து மணல்மூட்டையில் தாங்கிச் சுடுகிறவர். தொடர்ந்து சுடும்போது மென்குழல் சீக்கிரம் சூடாகிவிடும். சூடானால் குண்டு விழும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கனக்குழல் சூட்டைத் தாங்கும், அதிகம் உதறாது. ஆனால் நடக்கிறவருக்கு அது பாரம். நீங்கள் ஒன்றிரண்டு சுட்டுவிட்டு இடம் மாறுகிறவர். மென்குழல் என்றால் சட்டென்று தோளுக்குத் தூக்கலாம்."

"அப்ப நல்ல குழல் தடிதான்."

"நிற்கிறவருக்கு அது நல்லது. நடக்கிறவருக்கு இது நல்லது."

"நான் அதக் கேக்கல. ரெண்டுல எது ஒசத்தி?"

இயந்திரம் சற்று யோசித்தது. "அதை அளக்கும் அளவுகோல் என்னிடம் இல்லை" என்றது.

"எங்கிட்ட இருக்கு. தடியே போடுங்க."

"உங்கள் வலது தோளில் பழைய சுளுக்கு இருக்கிறது."

"அது என் தோளு."

ஸ்டோர்க்காரர் வாதாடவில்லை. குழலை உரிமையாளர் விருப்பப்படி கொடுக்கவேண்டும் என்பது விதி. கனக்குழலைத் திருகிப் பொருத்தி, குறி பார்த்து, முத்திரை வைத்துக் கொடுத்தது. பூவராகன் அதை வாங்கித் தோளில் மாட்டியபோது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்துகொண்டு வெளியே வந்தான். சாப்பாட்டுக் கூடத்தில் திருமேனி அதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் தடியா சகலை?" என்றான். பூவராகன், "ஆமா, நடக்குறதுக்கு இதுதான் சரி" என்றான்.

முதல் நாள் வேலியோரம் பாதி தூரத்தில் தோள் எரிந்தது. மறுநாள் கழுத்து திரும்பவில்லை. துப்பாக்கியின் முன்பாரம் அவனை மண்ணை நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. தூரத்தில் கோபுரம் தெரியும். அங்கே சகலை உட்கார்ந்திருப்பான், மணல்மூட்டைமேல் குழலைச் சாய்த்து வைத்துக்கொண்டு. அந்தக் கனம் அங்கே ஒருவரையும் வருத்தவில்லை. யாராவது கோபுரத்திலிருந்து பார்ப்பார்களோ என்று பூவராகன் தோள் மாற்றிப் போடாமலே நடந்தான்.

"காயமா?" என்று கேட்டாள் அவன் மனைவி வல்லி, ஒரு மாலையில் சட்டையைக் கழற்றும்போது தோள் கன்றியிருந்ததைப் பார்த்து.

"துப்பாக்கி வார் அழுத்துனது."

"ஒல்லி குடுக்கலையா?"

"காவல்னா விளையாட்டா?"

வல்லி தைலத்தை எடுத்துத் தேய்த்தாள். பிறகு, "கோமளம் வீட்டுக்காரருக்கும் தடிதானாமே" என்றாள், யாரையும் குத்தாத குரலில். பூவராகன் சுவரைப் பார்த்தான். "சரி" என்றாள் அவள். அந்தச் சரியில் எல்லாம் புரிந்துபோனதும், புரிந்ததைச் சொல்லிக்காட்டப் போவதில்லை என்பதும் இருந்தது. அவனுக்கு அதுவும் வலித்தது.

காலை வரிசையில் அவன் விளக்கு பச்சையாக நேரமெடுத்தது. பெஞ்சில் அவனுக்கென்று ஒரு மூலை அமைந்துவிட்டது. சோயா மோர் குடித்து, நீர்க்குழாய்களின் அடைப்பை ஒவ்வொன்றாக நினைத்து, மனதைத் திருமேனியிடமிருந்து பிடுங்கி வெளியே கொண்டுவந்து, விளக்கு பச்சையான மறுகணம் அது மறுபடி மாறிவிடுமோ என்ற பயத்தில் ஓடுவதுபோல வெளியேறுவான்.

கல்முட்டிகள் வந்த அன்று தக்காளி பறிக்கும் நாள். வல்லியும் கோமளமும் கூடைகளோடு கண்ணாடிக் கூடத்துக்குள் இருந்தார்கள். பூவராகன் வேலியின் கிழக்கு வளைவில் நின்றிருந்தான். முதலில் காலடியில் மண் அதிர்ந்தது. பிறகு அடிவானத்தில் பழுப்புச் சுவர் ஒன்று எழுந்து நகர்ந்து வந்தது.

காதில் வானொலி கரகரத்தது. "சகலை, கிழக்கால ஒரு பெரிய கூட்டம் வருது. நீங்க நின்ன இடத்துலயே நில்லுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். திருமேனி கப்பலிலிருந்து இறங்கிய அன்று, அவனுக்காகப் பூவராகன் தூக்கிய பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்ன அதே சொல். வீட்டு நீர்த்தொட்டி கசிந்தபோது, மெக்கானிக்கான அவனிடமே சொன்ன சொல். பூவராகன் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். விளக்கு சிவந்திருந்தது. விசையை இழுத்தான். கல்லில் விரலை வைத்த மாதிரி இருந்தது.

புழுதிக்குள்ளிருந்து தலைமை விலங்கு வெளிப்பட்டது. அதற்குப் பின்னால் கூட்டம். அவன் கண்ணாடிக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே இரண்டு நிழல்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன, எதுவும் தெரியாமல். கூடத்தின் எச்சரிக்கை மணி அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது. அவர்கள் காற்று புகாத அடைப்பறைக்கு ஓடிப் போய்ச் சேருவதற்குள் கண்ணாடி சரிந்துவிடும். பயம் பிடித்தது. பூட்டுக்குப் பயத்தைப் பற்றி அக்கறை இல்லை. பயத்தோடு கூடவே மனதில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு நின்றது. இப்போது கோபுரத்திலிருந்து வெடி கேட்கும், மந்தை திரும்பும், இரவு சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் திருமேனியின் தோளைத் தட்டுவார்கள். தன் மனைவி உயிரோடு வெளியே வரப்போவதும் அவனால்தான் என்று ஆகிவிடும். விளக்கு இன்னும் சிவந்தது.

கோபுரத்திலிருந்து வெடி கேட்கவில்லை.

"சகலை, ஏன் சுடல?"

பூவராகன் வானொலிப் பொத்தானை மறுபடி அழுத்தினான்.

"சகலை, கிட்ட வந்துருச்சு."

"பூட்டு திறக்கல" என்றது திருமேனியின் குரல்.

"உங்களதா?"

"காலையில பச்சையாத்தான் இருந்துச்சு. மேல வந்து உங்களப் பாத்தா போயிருது. தினமும் இதே கததான். நீங்க வளைவு தாண்டிப் போனப்புறம்தான் பச்சை வரும். இன்னைக்கு நீங்க அங்கேயே நிக்கிறீங்க."

"என்னப் பாத்தா எதுக்குப் போகுது?"

திருமேனி அவசரமாக, சொல்லித் தொலைத்துவிடுகிறவன் போலப் பேசினான். "எனக்கு இந்த ஏணி ஏறவே மூச்சு வாங்குது சகலை. நீங்க இதே தடியத் தோள்ல போட்டுக்கிட்டு வேலி முழுக்க நடக்குறீங்க. ஒரு தடவ தோள் மாத்திப் போட்டு நான் பாத்ததில்ல. கோமளம் எல்லார் முன்னாலயும் சொல்றா, அக்கா வீட்டுக்காரர் மாதிரி நெஞ்சுரம் வேணும்னு. நான் இங்க மூட்டைமேல சாய்ச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தொலைநோக்கியில உங்களப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சுபோச்சு. இன்னைக்காவது தோள் மாத்திப் போடமாட்டாரான்னு வேண்டிக்கிட்டே ஏறுவேன்."

பூவராகனுக்கு முதலில் காது கேட்டதே தவிர மனதில் ஏறவில்லை. பிறகு ஏறியது. வெயிலில் நடந்து வந்தவன் தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றின மாதிரி, உச்சியிலிருந்து இறங்கிக் கழுத்து, கன்றிய தோள், நெஞ்சு என்று எல்லா இடமும் குளிர்ந்தது. தன்னைப் பார்த்து. திருமேனிக்கு. வயிறு எரிகிறது. இத்தனை வருஷத்தில் அவனுக்கு இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை.

விளக்கு பச்சையானது.

அவன் மண்டியிட்டு, வேலிக்கம்பத்தின் கவட்டில் குழலைத் தாங்கி வைத்தான். முதல் குண்டு ஓட்டில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கொம்பை உரசியது. அடுத்தடுத்துச் சுட்டான். குழல் சூடேறிக் காற்று நெளிந்தது, ஆனால் குறி நகரவில்லை. நெற்றிக்குழியில் ஒன்று விழுந்ததும் தலைமை விலங்கு கால்மடங்கித் தடுமாறி, ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. மந்தை அதன் பின்னால் வளைந்தது. கூடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற இடம்தான் மிச்சம் இருந்தது.

"போயிருச்சு" என்றான் வானொலியில். "சகலை, நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. எல்லாருக்கும் வர்றதுதான்."

அந்தக் குரலில் இருந்த பெருந்தன்மையைக் கேட்டுத் திருமேனியின் விளக்கு அன்று மாலைவரை பச்சையாகவில்லை.

அடைப்பறையிலிருந்து அக்காவும் தங்கையும் வெளியே வந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் கோமளம், "ரெண்டு பேருக்குமே பூட்டா?" என்றாள். வல்லி தன் கணவனைப் பார்த்தாள். அவன் தோளிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பெண்களும் சிந்திக் கிடந்த தக்காளிகளைப் பொறுக்கப் போனார்கள்.

குடியேற்றத்தின் மருத்துவர் யோகாம்பாள் பூவராகனைக் கூப்பிட்டு அனுப்பினார். "சில்லுல இப்படி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல. தியானக் கூடத்துல வருஷக்கணக்கா உக்காருறவங்களுக்குக்கூட இது வரல. அந்த நேரம் என்ன நெனச்சீங்க? வீட்டம்மாவையா?"

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது. காதுக்குப் பின்னால் சில்லு இருந்தது. உண்மையைச் சொன்னான். அவர் கேட்டுவிட்டுச் சில்லின் பதிவை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க டாக்டர்."

அவர் அதைக் குடியேற்ற மன்றத்தில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் பெஞ்சில் உட்காருகிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று, கல்முட்டிகளும் கூடிக்கொண்டே வந்தன. ஒரு மந்தையைத் திருப்பிய மருந்து கையில் இருக்கிறது. செலவில்லாத மருந்து. சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

முதலில் சொல்லும் வேலையை நாடிச்சில்லிடமே விட்டார்கள். காலை வரிசையில் நிற்பவர் காதில், "உங்களைக் கண்டு ஒருவர் பொறாமைப்படுகிறார்" என்று சில்லு மெல்லச் சொன்னது. விளக்குகள் எல்லாம் மளமளவென்று பச்சையாயின. சில நாள்தான். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி தனக்குக் கிடைத்ததைப் பூரிப்போடு சொல்லப்போக, பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். எதிரில் இருந்தவனும் சொன்னான். மறுநாள் வரிசை முழுக்கச் சிவப்பு.

அதனால் இனி உயிருள்ள மனிதர்கள்தான் சொல்லவேண்டும், அதுவும் குறிப்பாக எதையாவது சுட்டிச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பழகப் பழக அது காவலைத் தாண்டி வீதிக்கும் வந்தது. வணக்கம் மெல்ல மறைந்துபோனது. "உங்க கத்திரிச்செடியப் பாத்து நேத்து தூக்கமே வரலங்க" என்பார் ஒருவர். "அட, உங்க மருமக குரலுக்கு முன்னால அது எம்மாத்திரம், எனக்குத்தான் நெஞ்சு அடைக்குது" என்பார் மற்றவர். இருவரும் முகம் மலர்ந்து பிரிவார்கள். சிலர் நாலு பேரிடம் கேட்டுக்கொள்வதற்காகவே நாலு தெரு சுற்றி வேலைக்குப் போனார்கள். உட்கார ஆளில்லாத வாசல் கூடத்து பெஞ்சில் காலி டப்பாக்களை அடுக்கிவைத்தார்கள்.

அடுத்த பருவத்தில் ஸ்டோர்க்காரர் மறுபடி கேட்டது. பூவராகனின் தோள் எலும்பு இறங்கிவிட்டதாக யோகாம்பாள் எச்சரித்திருந்தார். மென்குழல் தட்டில் தயாராக இருந்தது. அவன் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தான். புல்லாங்குழல் மாதிரி இருந்தது. பிறகு கோபுரத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறவனை நினைத்து அதைத் திரும்ப வைத்துவிட்டு, "தடிதான்" என்றான்.

தினமும் அவன் கிழக்கு வளைவை எட்டியதும் வானொலி கரகரக்கும். "சகலை, என்ன நடை நடக்குறீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்பான் திருமேனி. "உங்க வீட்டு வெளிச்சத்துக்கு முன்னால இது என்ன" என்று பூவராகன் பதில் சொல்வான். இருவர் விளக்கும் பச்சையாக இருக்கும். அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் வளைவுக்கு வந்து நின்றான். வானொலி பேசவில்லை. புழுதி அடங்கித் தெளிவாக இருந்தது, கோபுரத்தில் ஆள் இருப்பது தெரிந்தது. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தான், சரியாகப் பார்க்கவில்லையோ என்று. துப்பாக்கியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தான். ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"சகலை, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே."

"நானும் தேடிப் பாத்தேன் சகலை" என்றது திருமேனியின் குரல், நிதானமாக, எங்கோ தூரத்தில் இருப்பதுபோல. "உங்கமேல ஏதாவது வருதான்னு காலையில இருந்து பாக்குறேன். வரல. உங்கமேல மட்டுமில்ல, யார்மேலயும் வரல. யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லவும் இல்ல. விளக்கு தானா பச்சையா இருக்கு. மனசு காலியா இருக்கு. நல்லா இருக்கு சகலை."

பூவராகன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் குரலில் பொய் இல்லை, வேஷமும் இல்லை. ஜன்னல், தக்காளி, மாமனாரின் குரல் என்று சகலையிடம் இருந்த எத்தனையோ பொருளுக்கு அவன் ஏங்கியிருக்கிறான். இந்த ஒன்றுக்கு ஏங்கியதுபோல வேறு எதற்கும் ஏங்கியதில்லை.

குனிந்து பார்த்தான். விளக்கு சிவந்திருந்தது.